எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. செயலாளர் கேட்டுக்கொண்டபடி எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



பூச்சிகளையும் ஆமைகளையும் பாதுகாக்கக் களத்தில் என்ன வேலை நடக்கிறது என்று பதினைந்து நிமிடம் பேசும்படி செயலாளர் சொன்னார். நான் விலங்கியல் படித்தவன் அல்ல. பி.காம். முடித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது கணக்கு. ஆனால் ஓய்வுக்குப் பிறகு இந்த விஷயத்தைப் படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. உயிரினப் பாதுகாப்பு என்று பெரிதாகச் சொல்கிறோமே, அதில் பாதிக்கு மேல் கணக்குதான். தினமும் போய்ப் பார்ப்பது, எண்ணுவது, தேதி போட்டு எழுதி வைப்பது.

என் பேச்சு முடிந்ததும் மூன்று பொருள்கள் விவாதத்துக்கு வருகின்றன. வாரம் ஒருமுறை கொசுப்புகை அடிக்க ஆண்டு ஒப்பந்தம் போடுவது ஒன்று. கிழக்குச் சுவரை ஒட்டிய புதர் நிலத்தைச் சுத்தம் செய்து பேவர் பிளாக் பதிப்பது இரண்டு. சுற்றுச்சுவர் முழுக்க விடிய விடிய எரியும் எல்.இ.டி. விளக்கு போடுவது மூன்று. நான் பேசப்போவது இந்த மூன்றையும் தொடும். அதை மறைத்துவிட்டு, பட்டாம்பூச்சி அழகானது என்று பேசிவிட்டு உட்கார்ந்தால் அது நேர்மை ஆகாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடலாமைக் கணக்கு

நம் ஊரில் கடல் இல்லை. இருந்தாலும் கடலாமையில் இருந்து தொடங்குகிறேன். நம் மாநிலத்தில் சாதாரண மக்கள் சேர்ந்து நீண்ட காலமாக நடத்தி வரும் களப்பணி அதுதான்.

சென்னைக் கடற்கரைக்கு ஆண்டுதோறும் வரும் ஆமையை ஆலிவ் ரிட்லி என்பார்கள். நம் கரையோரத்தில் பங்குனி ஆமை என்று பெயர். டிசம்பர் கடைசி, ஜனவரியில் தொடங்கி பங்குனி வரை இரவில் கரையேறி, ஏறக்குறைய ஒரு முழ ஆழத்துக்குக் குடம் மாதிரி குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேலும் இட்டு, மணலை மூடிவிட்டுத் திரும்பிப் போய்விடும். முட்டையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 45 முதல் 55 நாளில் குஞ்சு வெளியே வரும். நடுவில் நாய் தோண்டும், நரி தோண்டும், மனிதனும் தோண்டி எடுத்து விற்றுக்கொண்டிருந்த காலம் உண்டு.

1970-களின் தொடக்கத்தில் ராமுலஸ் விட்டேகரும் அவருடைய நண்பர்களும் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் இரவெல்லாம் நடந்து, இந்தக் கூடுகளைத் தேடி முட்டைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற ஆரம்பித்தார்கள். கிண்டி பாம்புப் பண்ணையையும், பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலைப் பண்ணையையும் தொடங்கினாரே, அதே விட்டேகர்தான். 1988-இல் மாணவர்கள் சேர்ந்து எஸ்.எஸ்.டி.சி.என். என்ற கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள். பருவம் முழுக்க நீலாங்கரையில் இருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடக்கிறார்கள். ஏழு கிலோமீட்டர் இருக்கும். கிரிவலத்தில் பாதி. ஆனால் மணலில் நடக்க வேண்டும். வழியில் டீக்கடை கிடையாது.

பொதுமக்களையும் கூட்டிப் போவார்கள். சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் பேரனும் ஒரு இரவு போனோம். அன்றைக்கு ஆமையும் வரவில்லை, கூடும் கிடைக்கவில்லை. பேரனுக்கு ஏமாற்றம். கூட வந்த கல்லூரிப் பெண் மட்டும் ஒரு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமே இல்லையேம்மா, என்ன எழுதறே?" என்று கேட்டேன். "இல்லைங்கறதையும் எழுதணும் அங்கிள். இல்லேன்னா நாங்க நடந்தோமா நடக்கலையான்னு பின்னாடி எப்படித் தெரியும்?" என்றாள்.

எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. ஒரு நாள் கவுன்டரில் வரவு செலவே இல்லை என்றாலும் அன்றைய பக்கத்தில் "நில்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். வெற்றுப் பக்கம் வேறு, "நில்" என்று எழுதிய பக்கம் வேறு. வெற்றுப் பக்கம் இருந்தால் ஆடிட்டர் விட மாட்டார்.

கூடு கிடைத்தால் என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். முட்டைகளை எண்ணி எடுத்து, கடற்கரையிலேயே வேலி போட்ட இடத்தில், அதே ஆழத்தில், அதே வடிவக் குழியில் புதைக்கிறார்கள். எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை முட்டை என்று பதிவு. குஞ்சுகள் வந்ததும் எண்ணிக் கடலோரத்தில் விடுகிறார்கள். பிறகு குழியைத் தோண்டிப் பொரிக்காத முட்டைகளையும் எண்ணுகிறார்கள். வந்தது, போனது, நின்றது மூன்றும் டேலி ஆக வேண்டும்.

இன்னொரு வியப்பு. கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. மணல் சூடாக இருந்தால் பெண் அதிகம், குளிர்ந்தால் ஆண் அதிகம். ஆக, புவி சூடாவது அந்தக் குழிக்குள்ளும் கணக்கை மாற்றுகிறது. இத்தனை பாடுபட்டும், ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் பெரிய ஆமையாக வளரும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

கணக்கு எதற்கு என்பதற்கு 2025 ஜனவரி ஒரு சாட்சி. அந்த மாதத்தில் இருந்து சென்னையிலும் அதை ஒட்டிய கடற்கரையிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் மாட்டினால் மூழ்கிச் செத்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் சில ஆமைகள் அப்படி ஒதுங்குவது உண்டு. இது வழக்கத்தை மீறியது என்று அடித்துச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், பல ஆண்டுகளாக இரவு தோறும் நடந்து எழுதி வைத்தவர்கள் இருந்ததுதான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. நோட்டு இல்லாமல் போயிருந்தால், "எப்பவும் சாகறதுதானே" என்று பேச்சு முடிந்திருக்கும்.

இந்தக் கணக்குக்காகவே வாழ்ந்த ஒருவரைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புகிறேன். பெயர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்தவர், படிப்பை விட்டுவிட்டுக் கடலாமை பின்னால் போனார். இந்தியக் கடற்கரையில் எங்கே எந்த ஆமை முட்டையிடுகிறது என்று யாரிடமும் முழு விவரம் இல்லாத காலம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கரையோரமாக நடந்தே பார்த்து எழுதினார். லட்சத்தீவில் சுஹேலி என்ற இடத்தில் ஒரு சிறு தீவு. அங்கே ஆமைகள் அதிகம் வருவது மழைக்காலத்தில். மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும், படகு போகாது, தீவில் ஆள் இருக்க மாட்டார்கள். 1982-இல் இவர் அரிசி பருப்பைக் கட்டிக்கொண்டு மழைக்கு முன்பே போய் இறங்கி, பல மாதம் தனியாக இருந்து எண்ணினார். அங்கிருந்து மனைவிக்கு ஒரு கடிதம் எழுதிப் பாட்டிலில் அடைத்துக் கடலில் போட்டார். 24 நாள் கழித்து அது இலங்கையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் அதைத் தபாலில் அனுப்பி வைத்தார். கடிதம் வீடு வந்து சேர்ந்தது. சதீஷ் பாஸ்கர் 2023-இல் காலமானார். அவர் எழுதி வைத்த விவரங்கள் இன்றைக்கும் பயன்படுகின்றன.

நம் ஊர் ஆமைகள்

அதெல்லாம் கடல், நமக்கென்ன என்று கேட்பீர்கள். நம் பக்கத்திலும் ஆமை உண்டு. ஏரி குளங்களில் இருப்பது குளத்தாமை. பின்னங்காலை உள்ளே இழுத்ததும் அடியில் ஒரு தோல் மடல் மூடிக்கொள்ளும். நத்தை, புழு, பூச்சி, செத்த மீன், பாசி எல்லாம் தின்னும். குளத்துக்கு அது துப்புரவுப் பணியாளர் மாதிரி. ஏரி வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மழைக்காகக் காத்திருக்கும். வண்டல் அள்ளும்போது சேற்றில் ஆமை கிடந்தால் செத்தது என்று தூக்கி எறியக் கூடாது.

வறண்ட புதர்க்காட்டில் இருப்பது நட்சத்திர ஆமை. ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் மாதிரி இருக்கும். அந்த அழகே அதற்கு எமன். வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம் என்று யாரோ கிளப்பிவிட, பிடித்து மூட்டையாகக் கட்டி வெளிநாட்டுக்குக் கடத்துகிறார்கள். 2019-இல் உலக அளவில் இதன் வணிகத்துக்கு முழுத் தடை வந்தது. நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும், 2022 திருத்தத்துக்குப் பிறகு, இது முதல் அட்டவணையில் இருக்கிறது. குளத்தாமையும் அதே அட்டவணைதான். புலிக்கு இருக்கும் பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு. வீட்டில் வைத்திருந்தால் குற்றம். அதிர்ஷ்டம் வருமோ வராதோ, வனத்துறை வரும்.

மூன்றாவது ஆமை கண்ணாடித் தொட்டியில் விற்பது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருக்கும். அது அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்தது. வாங்கும்போது ரூபாய் நாணயம் அளவு. வளர்ந்தால் சாப்பாட்டுத் தட்டு அளவு. முப்பது வருஷம்கூட இருக்கும். தொட்டி போதாமல் போனதும், கோயில் குளத்தில் விட்டால் புண்ணியம் என்று சிலர் நினைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது நம் குளத்தாமையின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும், நோயையும் கொண்டுவரும். வளர்க்க முடியாதவர்கள் வனத்துறையிடம் கேட்டு வழி செய்யலாம்; நான் கூட வருகிறேன். நம் வளாகத்தில் யாரிடம் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, சொல்லவும் மாட்டேன்.

பூச்சிக் கணக்கு

இப்போது பூச்சி. தமிழ்நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சி வகைகள் உண்டு. 2019-இல் தமிழ் மறவன் என்ற பட்டாம்பூச்சியை அரசு நம் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. கோயம்புத்தூரில் தி நேச்சர் அண்ட் பட்டர்ஃபிளை சொசைட்டி என்று ஒரு குழு. எங்கே, எந்த நாள், எந்த வகை, எத்தனை என்று ஆண்டுக்கணக்கில் எழுதி வருகிறார்கள்.

அப்படி எழுதியதில் தெரிந்த ஒரு செய்தி நம் மாவட்டத்துக்கு நெருக்கமானது. நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் போன்ற சில பட்டாம்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக ஊர் விட்டு ஊர் போகின்றன. கோடை மழை பெய்யும் ஏப்ரல், மே வாக்கில் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் சமவெளியிலும் இருந்து மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிப் போகும். அக்டோபர், நவம்பரில் மறுபடி கிழக்கே வரும். கல்வராயன் மலை, ஏற்காடு, கொல்லிமலை எல்லாம் கிழக்குத் தொடர்ச்சி மலைகள். நம் ஜவ்வாது மலையும் அதே வரிசைதான்.

நம் மொட்டை மாடியில் புரட்டாசி, ஐப்பசியில் மழைக்கு முன்னால் தும்பிகள் கூட்டமாகச் சுற்றுமே, அதில் மஞ்சளாக ஒரு வகை உண்டு. அது இந்தியாவில் இருந்து கடல் தாண்டி, மாலத்தீவு வழியாக, ஆப்பிரிக்கா வரை போகிறது. மாலத்தீவில் வேலை செய்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர், ஆண்டுதோறும் தும்பிகள் எந்தத் தேதியில் வந்திறங்குகின்றன என்று குறித்து வைத்து, 2009-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். அவரும் செய்தது அதே வேலைதான்: தேதி போட்டு எழுதியது.

நம் மலையிலும் இப்படிப் பொறுமையான வேலை நடக்கிறது. தி ஃபாரஸ்ட் வே அறக்கட்டளையினர் இந்த மண்ணுக்குரிய மரக்கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து மலையில் நடுகிறார்கள். கோடையில் காட்டுத்தீ பரவாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கிரிவலப் பாதையில் காலையில் நடப்பவர்கள் மலை பச்சையாகி வருவதைப் பார்த்திருப்பீர்கள். மரம் வந்தால் பூச்சி வரும், பூச்சி வந்தால் பறவை வரும். மலையில் இருந்து இறங்கும் பட்டாம்பூச்சிக்கு நகரத்துக்குள் உட்கார இடம் வேண்டும். அந்த இடம் நம் மாதிரி வளாகங்களில் மிச்சம் இருக்கும் துண்டு நிலம்தான்.

கிழக்குச் சுவர் ஓரம்

கிழக்குச் சுவர் ஓரத்தை எல்லோரும் "அந்தக் குப்பை இடம்" என்கிறோம். சில மாதமாகக் காலையில் அங்கே ஒரு நோட்டோடு நிற்கிறேன். வாட்ச்மேன்கூட முதலில், "சார், ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். அங்கே என்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

எருக்கஞ்செடி இருக்கிறது. வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடுவது அதன் இலையில். ஆடுதீண்டாப்பாளை படர்ந்திருக்கிறது. ரோஜா அழகியின் புழு தின்பது அந்தக் குடும்பத்துச் செடிகளை மட்டும்தான்; வேறு எதைக் கொடுத்தாலும் தொடாது. கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் இருக்கின்றன. நீல வரியன் மாதிரி ஊர் போகும் பட்டாம்பூச்சிகளின் ஆண்கள் இந்தச் செடிகளில் ஒருவிதச் சாற்றை உறிஞ்சி எடுத்துக்கொள்கின்றன. பெண்ணைக் கவரவும், பறவை தின்னாமல் தப்பிக்கவும் அது உதவுகிறது. தும்பையும் நாயுருவியும் இருக்கின்றன. தும்பைப் பூவில் தேனீ வராத காலையே இல்லை.

நாம் காசு கொடுத்து வைத்த செடிகளிலும் பூச்சி உண்டு. கேட் ஓரம் வரிசையாக நிற்கும் நெட்டிலிங்கத்தில் டெய்ல்டு ஜே என்ற பச்சைப் புள்ளிப் பட்டாம்பூச்சி முட்டையிடுகிறது. பால்கனித் தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலையை ஒரு புழு கடித்து வைக்கிறதே, முதலில் பறவை எச்சம் மாதிரியும் பிறகு பச்சையாகவும் இருக்குமே, அதுதான் கறிவேப்பிலை அழகி. நாலு இலை போனால் போகட்டும், அம்மா. ரசத்துக்கு நம் வீட்டுச் செடியில் இருந்து பறித்துத் தருகிறேன்.

புதர் இருந்தால் பாம்பு வரும் என்று சொல்கிறீர்கள். நியாயமான பயம். ஆனால் பாம்பு வருவது செடிக்காக அல்ல, எலிக்காக. எலி இருப்பது, கட்டட வேலை முடிந்தும் அள்ளாமல் கிடக்கும் செங்கல் குவியலிலும், சாப்பாட்டுக் கழிவு கொட்டும் மூலையிலும். அந்த இரண்டையும் அகற்றுவோம். நடைபாதையில் இருந்து ஆறடிக்குப் புல்லைக் குட்டையாக வெட்டுவோம். சுவரை ஒட்டிய செடிகளை மட்டும் விட்டுவைப்போம். பேவர் பிளாக் போட்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்குவதும் குறையும். கோடையில் நம் போர்வெல் எப்படி இருந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

கொசு

கொசுவைப் பற்றிப் பேசும்போது கவனமாகப் பேச வேண்டும். போன ஆண்டு நம் வளாகத்தில் இரண்டு குடும்பங்கள் டெங்குவோடு ஆஸ்பத்திரியில் இருந்தன. ஒன்றில் சின்னக் குழந்தை. அந்தத் தாய்க்கு முன்னால் நின்று, பட்டாம்பூச்சிக்காகக் கொசுவைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நான் கேட்பது, புகை நம்மைக் காப்பாற்றுகிறதா என்பதுதான்.

புகை கொல்வது அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும். தண்ணீரில் இருக்கும் முட்டையும் புழுவும் அப்படியே இருக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான தேங்கிய நீரில் வளரும். முட்டையில் இருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள். அது பகலில் கடிப்பது. பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே கட்டிலடியில், திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். நாம் ஒப்பந்தம் போடுவதோ வெளியே, வளாகத்தில் அடிக்கும் புகைக்கு. அந்தப் புகைக்குக் கொசு எது, தேனீ எது என்று தெரியாது. கொசுவைப் பிடித்துத் தின்னும் தும்பியும் செத்துவிடும். தும்பி குஞ்சாகத் தண்ணீரில் இருக்கும்போது கொசுப் புழுவையும் தின்னும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நோய் பரவும் நேரத்தில் மாநகராட்சி சுகாதாரத் துறை வந்து புகை அடித்தால் ஒத்துழைப்போம். அது அவர்கள் முடிவு. நான் வேண்டாம் என்பது, நோய் இருக்கிறதோ இல்லையோ வாரந்தோறும் அடிக்கும் ஒப்பந்தத்தை. அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை தோறும் அரை மணி நேரம், பிளாக்குக்கு இரண்டு பேர், ஒரு பட்டியலோடு சுற்றி வரலாம். மேல்நிலைத் தொட்டி மூடி, சம்ப் மூடி, பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு, ஏ.சி. தண்ணீர் பக்கெட், மாடியில் கிடக்கும் பழைய டயர், கொட்டாங்கச்சி, சன்ஷேடில் தேங்கும் மழைநீர். கொட்ட முடிந்ததைக் கொட்ட வேண்டும், மூட முடிந்ததை மூட வேண்டும். இரண்டும் முடியாத இடத்தில் அபேட் மருந்து விட மாநகராட்சிப் பணியாளரைக் கேட்கலாம். ஏழு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் கொசு பறக்கும் வரை வளர முடியாது. புகையை விட இது அந்தக் குழந்தைக்குப் பாதுகாப்பு என்று உறுதியாக நம்புகிறேன்.

விளக்கு

கடலாமைக் குஞ்சு மண்ணில் இருந்து வெளியே வந்ததும் வெளிச்சமான பக்கத்தைப் பார்த்து ஓடும். இயற்கையில் இருட்டில் வெளிச்சமாகத் தெரிவது கடல். நாம் தெருவிளக்கு போட்டதும் அது சாலைப் பக்கம் ஓடி வண்டியில் நசுங்குகிறது. அதனால்தான் ஆமைப் பருவத்தில் கடற்கரை விளக்குகளை அணைக்கச் சொல்கிறார்கள். இரவுப் பூச்சிகளுக்கும் இதே கதிதான். விளக்கைச் சுற்றிச் சுற்றியே களைத்து விழும், பல்லிக்கு இரையாகும். மின்மினியின் பேச்சே வெளிச்சம்தான். நாம் போடும் வெளிச்சத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டுபிடிக்க முடியாது. பெரியவர்கள் சின்ன வயதில் இங்கே மின்மினி பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளே, உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள்.

(ஒருவர் கையும் உயரவில்லை.)

பாதுகாப்புக்கு விளக்கு வேண்டும், மறுக்கவில்லை. வயதானவர்கள் நடக்கிறார்கள், பெண்கள் வேலை முடிந்து தாமதமாக வருகிறார்கள். கேட்டிலும் படிக்கட்டிலும் பார்க்கிங்கிலும் விளக்கு இருக்கட்டும். சுற்றுச்சுவரில் ஆள் வந்தால் எரியும் சென்சார் விளக்குப் போடலாம். வெள்ளைக்குப் பதில் மஞ்சள் நிறம், வெளிச்சம் கீழ்நோக்கி. திடீரென்று எரியும் விளக்குதான் வாட்ச்மேனையும் எழுப்பும். மின்கட்டணத்தைப் பொருளாளர் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

என் வேண்டுகோள்

இந்த மூன்று தீர்மானங்களையும் நிராகரியுங்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த காலாண்டுக் கூட்டம் வரை தள்ளி வையுங்கள் என்று கேட்கிறேன். இந்த மூன்று மாதத்தில் எண்ணிப் பார்ப்போம். நடுவில் செப்டம்பர் வருகிறது. நாடு முழுக்கப் பட்டாம்பூச்சி பார்ப்பவர்கள் அந்த மாதத்தைப் பட்டாம்பூச்சி மாதமாக வைத்துப் பதிவு செய்கிறார்கள். நம் பதிவும் அதில் சேரலாம்.

முறை எளிது. ஞாயிறு காலை எட்டு மணி முதல் ஒன்பது வரை. பிள்ளைகள் இரண்டு பேர், பெரியவர் ஒருவர். ஒரு நீள நோட்டு. தேதி, நேரம், வெயிலா மேகமா, எந்தச் செடி, என்ன பூச்சி, எத்தனை என்று ஆறு கட்டம் போட்டுத் தருகிறேன். பெயர் தெரியாவிட்டால் போட்டோ எடுத்து, நிறத்தை எழுதினால் போதும். பிடிக்கக் கூடாது, தொடக் கூடாது. ஒன்றும் வரவில்லை என்றால் "இல்லை" என்று எழுத வேண்டும். பக்கத்திலேயே இன்னொரு நோட்டு: எந்த பிளாக்கில் எத்தனை இடத்தில் கொசுப்புழு இருந்தது, எத்தனை இடத்தில் கொட்டினோம், யாருக்காவது காய்ச்சலா. இரண்டு நோட்டும் அலுவலக அறையில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும்.

மூன்று மாதம் கழித்து நோட்டைத் திறப்போம். கிழக்குச் சுவரில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை என்று வந்தால், பேவர் பிளாக்குக்கு முதல் கையை நானே தூக்குகிறேன். தண்ணீரைக் கொட்டியும் கொசு குறையவில்லை என்று வந்தால், வேறு வழியைப் பற்றிச் சுகாதார ஆய்வாளரை அழைத்து அவர் முன்னால் பேசுவோம். எழுதி வைத்த கணக்கு எந்தப் பக்கம் சொல்கிறதோ அந்தப் பக்கம் போவோம். வங்கியில் இருந்தவரை எனக்குத் தெரிந்த நியாயம் அது ஒன்றுதான்.

செடியை எந்த வாரமும் வெட்டலாம், ஒரு நாள் கூலி போதும். வெட்டிய பிறகு அங்கே என்ன இருந்தது என்று எண்ண முடியாது.

ஞாயிறு காலை வர விருப்பம் உள்ள பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். பெற்றோரின் அனுமதியோடு வாருங்கள். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் உங்களுடையது. நோட்டும் பேனாவும் நான் வாங்கி வைத்துவிட்டேன்.